பத்துப் பேர் போதும்

எங்கள் விடிவெள்ளி சங்கத்துக்கும் வடிவேல் சங்கத்துக்கும் ரங்கூனில் பதினெட்டு வருஷம் கால்பந்துப் பகை. அதன் வரலாற்றை மாதா கோயில் மலருக்கு எழுதித் தரச் சொல்லி ஒருவர் போன வாரம் வந்து கேட்டார். நேரமில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டேன். உண்மையில் எனக்கு நேரத்துக்குக் குறைவில்லை. மலரில் போடுகிற மாதிரி அது முடியவில்லை, அவ்வளவுதான்.

விடிவெள்ளி என்றால் மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்த கிறிஸ்தவப் பிள்ளைகள். குமாஸ்தா வேலை, வெளுத்த சட்டை. வடிவேல் என்றால் போட்டாதாங் துறைமுகத்தில் மூட்டை ஏற்றுகிறவர்கள், ரயில்வேக்காரர்கள், நெற்றியில் விபூதி. நாங்கள் அவர்களை ‘மூட்டை’ என்போம். அவர்கள் எங்களை ‘பேனா’ என்பார்கள். யுத்தம் முடிந்த மறு வருஷம், 1946இல் ஆரம்பித்தது. வருஷத்துக்கு ஒரே ஆட்டம், ஆகஸ்டு மழையில், கிடங்குகளுக்குப் பின்னால் இருந்த திடலில். எட்டு ஆட்டம் நாங்கள் ஜெயித்தோம், எட்டு அவர்கள். ஒன்று சமம். மிச்சம் இருப்பது 1957.

அந்த வருஷம் எங்கள் பர்னபாஸ் உதைத்த பந்து கோல் கோட்டின் மேல் சேற்றில் புதைந்து நின்றுவிட்டது. தாண்டிவிட்டது என்றோம். தாண்டவில்லை என்றார்கள். நடுவர் பத்து நிமிஷம் மழையில் நின்று கேட்டுவிட்டு, ஒன்றும் சொல்லாமல் சைக்கிளை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார். ஒன்றுக்குப் பூஜ்யம், வெற்றி என்று எங்கள் நோட்டில் எழுதினேன். விடிவெள்ளி திடலை விட்டு முதலில் வெளியேறியது, ஆகவே தோல்வி என்று அவர்கள் நோட்டில் எழுதினார்கள். அதற்கப்புறம் இரண்டு வருஷம் அவர்கள் தெருவில் நான் மீன்கூட வாங்கவில்லை.

பந்தை உதைத்த பர்னபாஸ்தான் பிறகு என் தங்கை ஜூடித்தின் புருஷன் ஆனான். ஜவுளிக் கடையில் கணக்கெழுதினான். அறுபத்து நான்கு மார்ச்சில் கடைகளையெல்லாம் அரசாங்கம் எடுத்துக்கொண்டபோது அவன் வேலை போனது. பிறந்தது இங்கே, இந்தியாவில் ஒரு ஈ காக்கையைத் தெரியாது. ஆனால் குடியுரிமைக்கு எழுதிப் போடு, எழுதிப் போடு என்று நான் கத்தியும் சோம்பேறித்தனமாக இருந்துவிட்டான். வேலையும் இல்லை, காகிதமும் இல்லை என்றால் இந்தியாவுக்குக் கப்பல்தான். ஊரில் பாதிப் பேர் அப்படித்தான் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். எனக்கு நகராட்சியில் வேலை, காகிதமெல்லாம் சரியாக இருந்தது. வடிவேல் சங்கத் தலைவர் தங்கவேலு துறைமுகத்தில் மேஸ்திரி, அவருக்கும் சரியாக இருந்தது. எங்கள் இருவருக்கும் வீம்பு கட்டுப்படியானதற்கு அதுதான் காரணம் என்று இப்போது புரிகிறது.

அந்த ஆகஸ்டில் போட்டாதாங்கில் ஓர் அரசாங்கக் கிடங்குக்கு மேலாளராக வந்தவர் ஊ சான் லின். பந்துப் பைத்தியம். எங்கள் இருவரையும் கூப்பிட்டு உட்கார வைத்து, பர்மிய மொழியில் நேராக விஷயத்துக்கு வந்தார்.

“என் கிடங்குக்கு ஓர் அணி வேண்டும். உங்கள் ஆட்களில் பதினொரு பேரைக் கொடுங்கள். பதினொரு பேருக்கும் வேலை. வேலை இருந்தால், இங்கேயே தங்குவதற்குக் கடிதம் தருகிறேன். சனிக்கிழமை மதியத்துக்குள் பட்டியல் வேண்டும்.”

கடவுள் வாசலில் வந்து நின்றது போல இருந்தது. இரண்டு சங்கத்திலும் கப்பலுக்குக் காத்திருந்த ஆட்டக்காரர்களை எண்ணிப் பார்த்தோம். எங்களில் ஆறு பேர், அவர்களில் ஆறு பேர். மொத்தம் பன்னிரண்டு.

வியாழக்கிழமை தேநீர்க் கடையில் உட்கார்ந்தோம். ஆளுக்கு ஐந்து பெயர் எழுத ஐந்து நிமிஷம் ஆகவில்லை. என் வீட்டு ஆளை முதலில் எழுதினால் நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்களே என்று பர்னபாஸைக் கடைசிக்கு வைத்திருந்தேன். அவர்கள் பக்கம் மிஞ்சியவன் செல்லக்கண்ணு. இடது ஓரத்தில் ஓடுகிறவன், மூன்று பிள்ளைக்காரன்.

“ஆறாவது எங்களுக்கு,” என்றேன். “பர்னபாஸ் மாதிரி கோல் அடிக்கிறவன் உங்ககிட்ட இல்ல.”

“இல்லாமத்தான் ஒம்பது ஆட்டம் ஜெயிச்சமா?”

“எட்டு.”

“ஒம்பது சார். அம்பத்தேழையும் சேத்து எண்ணுங்க.”

அங்கே ஆரம்பித்தது. ஆறும் ஐந்தும் என்று போனால், ஆறு கிடைத்தவன் பெரிய சங்கம், ஐந்து கிடைத்தவன் சின்னச் சங்கம் என்று ஊர் சொல்லும். பதினெட்டு வருஷம் அதை ஒப்புக்கொள்ளாமல் இருந்துவிட்டு இப்போது காகிதத்தில் எழுதிக் கொடுப்பதா? சீட்டுக் குலுக்கலாம் என்று இருவருக்குமே தோன்றவில்லை. தோன்றியிருந்தாலும் சீட்டை யார் எடுப்பது என்று சண்டை போட்டிருப்போம்.

வெள்ளிக்கிழமை தங்கவேலு ஒரு வெள்ளைத் தாளோடு வந்தார். தாளை என் பக்கம் நகர்த்தினார்.

“ஒரே ஒரு வரி எழுதிக் குடுங்க சார். அம்பத்தேழு வடிவேலு ஜெயிச்சதுன்னு. கையெழுத்துப் போடுங்க. ஆறாவது எடத்த ஒங்க மாப்ளயே வெச்சிக்கட்டும்.”

அவர் கேலி பேசவில்லை. பேனா என் சட்டைப் பையில்தான் இருந்தது. தாளை அவர் பக்கமே திருப்பித் தள்ளினேன்.

“நீங்க எழுதுங்க, விடிவெள்ளி ஜெயிச்சதுன்னு. செல்லக்கண்ணுவ எடுத்துக்குங்க.”

தங்கவேலு தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அதை நாலாக மடித்து மடியில் செருகிக்கொண்டு எழுந்து போனார். அவர் முகத்தைப் பார்த்து எனக்கு உள்ளூரச் சந்தோஷமாக இருந்தது என்பதையும் எழுதிவிடுகிறேன். வீட்டில் ஜூடித் கேட்டாள், “அண்ணே, அவர் பேரு இருக்குல்ல?” பார்த்துக்கொள்கிறேன் என்றேன்.

சனிக்கிழமை மதியம் ஊ சான் லின் பட்டியலை வாங்கி விரலால் எண்ணினார். மறுபடியும் எண்ணினார்.

“பத்துதானே இருக்கிறது?”

“பத்துப் பேர் போதும்,” என்றோம். நானும் தங்கவேலுவும் ஒரே குரலில். பதினெட்டு வருஷத்தில் நாங்கள் ஒத்துப்போனது அந்த ஒரு தடவைதான். தனக்கு மூக்குப் போனாலும் எதிரிக்குச் சகுனத்தடை ஆகவேண்டும் என்பார்கள். இங்கே போனது எங்கள் மூக்கும் இல்லை.

பர்னபாஸிடம், காசு சுண்டிப் போட்டார்கள், செல்லக்கண்ணுவுக்கு விழுந்துவிட்டது என்றேன். “சரி மச்சான், அவன் மூணு புள்ளக்காரன். நல்லாத்தான் ஓடுவான்” என்று சொல்லிவிட்டுச் சோற்றைப் பிசைந்தான். அவன் கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். திங்கட்கிழமை புத்தி வந்து கிடங்குக்கு ஓடினேன். லாரி ஓட்டுகிற ஒரு பர்மியரைப் பதினோராவது ஆளாக ஊ சான் லின் எடுத்துவிட்டிருந்தார். ஓர் இடத்தைச் சும்மா போட்டு வைக்க அவர் என்ன எங்கள் சங்கத்து ஆளா?

செப்டம்பர் கடைசியில் கப்பல். பர்னபாஸ், ஜூடித், அவர்களுடைய இரண்டு வயதுக் குழந்தை. துறைமுகக் கொட்டகைக்கு வெளியே பெரிய வரிசை. குழந்தை என் தோளில் தூங்கிக்கொண்டிருந்தது. வரிசை வளைகிற இடத்தில் பர்னபாஸ் சட்டென்று நின்றான். எதிரே ஒரு தகரப் பெட்டியின் மேல் செல்லக்கண்ணு உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் அவன் மனைவியும் மூன்று பிள்ளைகளும். வழியனுப்ப வந்த தங்கவேலு அவர்களுக்குக் குடை பிடித்து நின்றார். என்னைப் பார்த்ததும் குடை தாழ்ந்தது.

“நீங்க எங்க இங்க?” என்றான் பர்னபாஸ். “ஒங்களுக்குத்தான எடம் கெடச்சுது?”

செல்லக்கண்ணு எழுந்தான். “எனக்கா? காசு சுண்டுனதுல ஒங்களுக்கு விழுந்துச்சுன்னுல்ல தங்கவேலு அண்ணன் சொன்னாரு.”

இருவரும் எங்களைத் திரும்பிப் பார்த்தார்கள். நாங்கள் இருவரும் தரையைப் பார்த்தோம்.

ஜூடித்துக்குத்தான் முதலில் விளங்கியது. மெதுவாகத்தான் கேட்டாள்.

“அண்ணே, அப்ப அந்த எடத்துல யாரு பேர எழுதுனீங்க?”

“யாரு பேரையும் எழுதல.”

அவள் கிட்டே வந்து, தூங்குகிற குழந்தையை என் தோளிலிருந்து பிரித்து எடுத்துக்கொண்டாள். வரிசை நகர்ந்தது. செல்லக்கண்ணுவின் பெட்டி கனம்; ஒரு பக்கக் கைப்பிடியைப் பர்னபாஸ் பிடித்தான், மறுபக்கத்தைச் செல்லக்கண்ணு பிடித்தான். பெட்டியைத் தூக்கிக்கொண்டு கொட்டகைக்குள் போனார்கள். குழந்தை விழித்து என்னைக் காட்டிக் கை நீட்டி அழுதது. ஜூடித் அதன் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.