ஆள் வராத இருக்கை

சக்கர நாற்காலியை ஓரமாக நிறுத்திவிட்டு அவள் மறுபடியும் போனைப் பார்த்தாள். ஊருக்கு டிக்கெட் விலை காலையில் இருந்ததைவிட ஏறியிருந்தது. பார்க்கப் பார்க்க ஏறுகிறது, யாரோ உள்ளேயிருந்து அவள் முகத்தைப் பார்த்து விலை வைப்பதுபோல. ஊரில் மகளுக்குப் பன்னிரண்டு நாளாகக் காய்ச்சல். நேற்றிலிருந்து 'அம்மா' என்பதைத் தவிர வேறு பேச்சில்லையாம். இங்கே இரண்டு நிமிடத்துக்கு ஒரு விமானம் கிளம்புகிறது. நான்கு வருடமாக இந்த விமான நிலையத்தில் அவள் மற்றவர்களைத்தான் நாற்காலியில் வைத்துக் கதவுவரை தள்ளிக்கொண்டு போய் விடுகிறாள்.

அவளுக்குக் கட்டுப்படியானது ஊழியர் டிக்கெட் மட்டும்தான். யாராவது வராமல் போனால் அந்த இடம் கிடைக்கும். மூன்று நாளாக வேலை முடிந்ததும் பையோடு போய் நின்றாள். மூன்று நாளும் பாழாய்ப்போன சனம் ஒருவர் பாக்கியில்லாமல் வந்து சேர்ந்தது.

இன்றைய கடைசி வேலை, அதே விமானத்தில் மகனிடம் போகிற ஒரு பெரியவர். நீண்ட வழியில் தள்ளிக்கொண்டே மகளைப் பற்றிச் சொன்னாள்.

"அப்ப என் சீட்ட எடுத்துக்கோம்மா. எனக்கென்ன அவசரம்?"

"போங்கய்யா, உங்க மகன் என்னைச் சும்மா விடுவாரா?"

அவர் சிரித்தார். பிறகு பேசவில்லை. பக்கத்துக் கண்ணாடிச் சுவரில் இருவர் உருவமும் கூடவே வந்தன. அவர் தலை மட்டும் மெல்லச் சாய்ந்துகொண்டே வந்தது. தூங்குகிறார் என்று வேகத்தைக் குறைத்தாள்.

"ஐயா, வந்தாச்சு."

அவர் கை சில்லென்றிருந்தது. அதிலிருந்த போர்டிங் பாஸை எடுக்கப் பார்த்தாள். விரல்கள் விடவில்லை.

வாசலில் டிக்கெட் பார்ப்பவனுக்கு நாற்காலியின் முதுகுதான் தெரிந்தது. "அக்கா, இன்னைக்கு உங்களுக்கு யோகம்தான்! முப்பத்தொண்ணாம் நம்பர் சீட்டு ஆள் மட்டும் வரல. பையத் தூக்கிட்டு வாங்க."

ஒரு நொடி அவள் மனம் குதித்தது. அடுத்த நொடி தன்மேலேயே அருவருப்பு வந்தது.

"அவர் வந்துட்டாருப்பா," என்றாள். "ஆனா ஏறமாட்டாரு."

டாக்டர் வந்து கண்களை மூடிவிட்டுப் போனார். மேற்பார்வையாளர் படிவத்தோடு வந்தார்.

"தள்ளிட்டு வந்தவங்கதான் கையெழுத்துப் போடணும். உடம்ப எடுக்கிற வரைக்கும் பக்கத்துலயே நில்லும்மா."

"சார், அந்த சீட்டு இப்ப..."

"விதிய நானா எழுதினேன்?"

வாசல்காரன் அவளைப் பார்த்தான், கடிகாரத்தைப் பார்த்தான், கதவைச் சாத்தினான்.

கண்ணாடிக்கு வெளியே விமானம் பின்வாங்கியது. நாற்காலி நகராமல் இருக்க அவள் பிரேக்கைப் போட்டாள். பெரியவரின் விரல்களுக்குள் முப்பத்தொன்று இன்னும் பத்திரமாக இருந்தது.