பெயரோடு ஒட்டிய புள்ளி

அந்த மருத்துவமனையின் பழைய கம்ப்யூட்டருக்கு ஆயுள் முடிந்துவிட்டது என்று சொல்ல டாக்டர் யாரும் தேவைப்படவில்லை. சுவிட்சைப் போட்டால் இருமும். கொஞ்ச நேரம் யோசிக்கும். பிறகு கறுப்புத் திரையில் பச்சை எழுத்துகளை வேண்டா வெறுப்பாகக் காட்டும். அதில் ஓடிய நோயாளிகள் பதிவு புரோகிராமை எழுதியவர் எங்கே போனார் என்று யாருக்கும் தெரியாது. புது மெஷின்களோ அந்தப் புரோகிராமை வாசலிலேயே நிறுத்தித் திருப்பி அனுப்பின. உள்ளே இருக்கும் விவரங்களையெல்லாம் புதுசுக்கு மாற்றித் தரும் வேலை நம்ம ஆளிடம் வந்து சேர்ந்தது.

அவனுக்கு வீட்டில் பெயர் 'சுத்தம்'. வைத்தவள் அக்கா. சின்ன வயதிலேயே, விருந்துக்கு வந்தவர்களின் செருப்பைக்கூட ஜோடி சேர்த்து நேராக வைத்தால்தான் அவனுக்குச் சாப்பாடு இறங்கும். அம்மாவும் அப்பாவும் அடுத்தடுத்துப் போன பிறகு அவனை ஆளாக்கியவள் அவள்தான். கண் எரிய எரியத் தையல் மெஷினை மிதித்து அவனைப் படிக்க வைத்தாள். அவளுக்கு ஒன்று என்றால் அவனுக்குக் கையும் ஓடாது, காலும் ஓடாது.

அந்த அக்கா இதே மருத்துவமனையில் ஒருமுறை செத்துப் பிழைத்தவள். ஒரு புண்ணுக்குப் போட்ட ஊசி அவளுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. முதலில் உள்ளங்கைதான் அரித்தது. "உள்ளங்கை அரிக்குதுடா. எங்கிருந்தோ பணம் வரப்போகுது" என்று சிரித்தாள். சிரிப்பு அடங்குவதற்குள் உதடு வீங்கியது, மூச்சு அடைத்தது, கண் மேலே செருகியது. டாக்டர்கள் போராடித்தான் மீட்டார்கள். அந்த மருந்தின் பெயர் அவள் வாயிலும் நுழையவில்லை, மனதிலும் தங்கவில்லை. "உங்க பேர்லயே குறிச்சு வெச்சுட்டோம், இனிமே பயமில்லை" என்று நர்ஸ்கள் சொன்னார்கள். அவள் அதை அப்படியே நம்பினாள்.

இப்போது அவள் காலில் ஆணி குத்தி, புண் பழுத்திருந்தது. எந்த நேரமும் ஊசி போட வேண்டி வரலாம். அதனால் பழைய புரோகிராமைத் திறந்ததும் அவன் முதலில் தேடியது அவள் சமாச்சாரத்தைத்தான். பெயர், வயது, முகவரி, நோய், கொடுத்த மருந்து எல்லாம் இருந்தன. ஆகாத மருந்து என்று ஒரு கட்டம் மட்டும் இல்லை. தலைமை நர்ஸிடம் போய், அக்காவின் விஷயத்தை எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டான். மாத்திரை அட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தவர் தலை நிமிராமல் சிரித்தார்.

"உங்க அக்காவா? அவங்க எங்க புள்ளியாச்சே சார். மறப்போமா?"

அவனும் சிரித்துவிட்டான். அக்கா உள்ளே காலடி வைத்தால் போதும், வரிசையை ஒழுங்குபடுத்துவாள், வாட்ச்மேனை அதட்டுவாள், ஜன்னல் ஏன் மூடியிருக்கிறது என்று விசாரிப்பாள். அவளைப் பெரிய புள்ளி என்று கேலி செய்கிறார்கள் என்றே எடுத்துக்கொண்டான். இத்தனை பேருக்குத் தெரிந்தவளை எப்படி விட்டுவிடுவார்கள்? டாக்டரின் ஃபைலில் எங்காவது எழுதியிருக்கும். அவன் திரும்பி நடக்கும்போது, "பேரை மட்டும் பத்திரமா கொண்டாந்துடுங்க சார், எல்லாம் பேர்லதான் இருக்கு" என்று அவர் பின்னாலிருந்து சொன்னார். காதில் வாங்கினான். வாங்கியதோடு சரி.

பெயர்கள் லட்சணமாக இருந்தால்தானே? முன்னால் ஓர் இடைவெளி, நடுவில் இரண்டு, ஒரே ஆள் மூன்று விதமான எழுத்தில். போதாக்குறைக்குச் சில பெயர்களின் வாலில் ஒரு புள்ளி அநாதையாக நின்றது. யாரோ பராக்குப் பார்த்துக்கொண்டே தட்டியிருக்கிறார்கள் என்று நினைத்தான். அக்காவின் பெயருக்குப் பின்னாலும் அதே புள்ளி. என் அக்காவின் பெயரைக்கூட ஒழுங்காக அடிக்கத் தெரியவில்லையே என்று அவனுக்கு எரிச்சல் வந்தது. இடைவெளி, புள்ளி எல்லாவற்றையும் துடைத்தெடுக்க ஒரு சின்ன புரோகிராம் எழுதி ஓடவிட்டான். கண் மூடித் திறப்பதற்குள் வேலை முடிந்தது. இவ்வளவு நிம்மதியாக அவன் சாப்பிட்டு வெகுநாளாகியிருந்தது.

புது மெஷின் வேலையைத் தொடங்கிய காலையில் மருத்துவமனை வித்தியாசமாக அமைதியாக இருந்தது. பழையதின் இருமல் இல்லை. வெள்ளைத் திரையில் பெயர்கள் குளித்துத் தலை வாரிக்கொண்டு வந்த பிள்ளைகள் போல வரிசையாக நின்றன. யாருக்கும் எதுவும் குறையாகத் தெரியவில்லை. இருக்கிற பிழை கண்ணில் படும், இல்லாமல் போனது எப்படிப் படும்? சீட்டுகள் மளமளவென்று அச்சாகி வந்தன. மருந்து வாங்கியவர்கள் பைகளோடு வெளியே போய்க்கொண்டிருந்தார்கள்.

மச்சான் போன் செய்தார். அக்காவுக்குக் காய்ச்சல் ஏறிவிட்டது, காலைத் தரையில் ஊன்ற முடியவில்லை என்றார். உடனே கூட்டிக்கொண்டு வரச் சொன்னான். "இப்பல்லாம் காத்திருக்கவே வேண்டாம் மச்சான், சீட்டு உடனே வந்துடும்" என்று பெருமையாகச் சொல்லிவிட்டு, பின்பக்க அறையில் வயர்களைக் கட்டி ஒதுக்கப் போனான்.

வயர்களை இன்னும் முடித்திருக்கவில்லை. அப்போதுதான் பணிக்கு வந்த தலைமை நர்ஸ் அறை வாசலில் நின்றார். கையில் ஒரு சீட்டு. அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"சார், புதுசுல புள்ளி எங்க வரும்?"

எந்தப் புள்ளி என்று கேட்டான்.

"பேருக்குப் பின்னாடி வைப்போமே. மருந்து ஆகாதவங்களுக்கு. பழசுல அதுக்கு இடமே இல்லைன்னு நாங்களா வெச்சுக்கிட்டது. புள்ளியைப் பார்த்தா டாக்டரைக் கேக்காம ஊசி போட மாட்டோம்."

எங்க புள்ளியாச்சே. அந்தச் சிரிப்பு அவன் காதில் மறுபடி கேட்டது.

"துடைச்சுட்டேன்" என்றான்.

"சுத்தம்" என்றார் தலைமை நர்ஸ், மெல்ல. அக்கா வராந்தாவெல்லாம் கேட்கக் கூப்பிடும் அவன் பெயரைத்தான் சொன்னாரா, எல்லாம் பாழ் என்றாரா என்று அவனுக்கு விளங்கவில்லை. பழைய விவரங்களின் பிரதி அவனிடம் இருந்தது. கொஞ்ச நேரம் கொடுத்தால் அத்தனை புள்ளிகளையும் திரும்ப வைத்துவிடலாம். அந்தக் கொஞ்ச நேரம்தான் இல்லை. சீட்டுகளை நிறுத்துங்கள் என்று கத்திக்கொண்டே ஓடினான். வராந்தாவில் பெஞ்சு பெஞ்சாக ஆட்கள். இவர்களில் யார் புள்ளி, யார் புள்ளி இல்லை என்று ஒரு முகத்திலும் எழுதியிருக்கவில்லை.

ஊசி அறையில் அக்கா கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். மச்சான் அவள் செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு பக்கத்தில் நின்றார். இளம் நர்ஸ் காலி ஊசியைக் குப்பைப் பெட்டியில் போட்டுக்கொண்டிருந்தாள். அவன் முகத்தைப் பார்த்ததும் அவள் பயந்துபோனாள்.

"நான் கேட்டேன் சார், ஏதாவது மருந்து ஒத்துக்காதான்னு…"

அக்கா குறுக்கே புகுந்தாள். காய்ச்சலிலும் அவள் குரலில் பெருமை குறையவில்லை.

"என்னை எதுக்குக் கேக்கறே, கம்ப்யூட்டரைப் பாரும்மான்னு சொன்னேன்டா. என் தம்பி ஏத்தினது, அதுல ஒரு தப்பு இருக்காதுன்னு சொன்னேன்."

டாக்டரைக் கூப்பிடச் சொல்லி அவன் அலறினான். பின்னாலேயே ஓடிவந்த தலைமை நர்ஸ் மருந்து அலமாரியைத் திறந்தார். கண்ணாடிக் குப்பிகள் உருண்டு விழும் சத்தம் கேட்டது. அக்கா அவனையே பார்த்தாள். அவளுக்கு எதுவும் புரியவில்லை. வலது கையைப் போர்வையின் ஓரத்தில் வைத்துத் தேய்த்தாள், பிறகு இன்னும் அழுத்தித் தேய்த்தாள்.

"உள்ளங்கை அரிக்குதுடா" என்றாள்.

இந்த முறை பணத்தைப் பற்றி எதுவும் சொல்லவில்லை.