ஆளுக்கு ஒண்ணு

ரீப்பர் கட்டை தாடையில் பட்டதும் பச்சை விறகு முறிகிற மாதிரி ஒரு சத்தம் வந்தது. வரிசையில் நின்ற அத்தனை பேருக்கும் அது கேட்டது. கேட்டதாக ஒருவரும் காட்டிக்கொள்ளவில்லை. அடித்தவன் பேக்கிங் தடியன். கட்டையை அடுத்த ஆளிடம் நீட்டிவிட்டு, சாப்பிட்டுக் கை கழுவ எழுந்தவன் மாதிரி சாவகாசமாக வரிசையின் கடைசிக்குப் போய் லேபிள்காரன் பின்னால் நின்றுகொண்டான்.

லேபிள்காரன் பார்சலுக்கு லேபிள் ஒட்டுகிறவன்; தடியனுக்கு முன்பே அடித்து முடித்திருந்தான். தொடையில்தான், சதையில்தான் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டிருந்தான். ஆனால் கை பொய் சொல்லாது. போன மாதம் ஒரு லேப்டாப் காணாமல் போனதிலிருந்து கோடவுன் வாசலில் தினமும் எல்லோர் சட்டையையும் கழற்றச் சொல்லித் தடவிப் பார்த்தார்கள். அந்த அவமானமெல்லாம் சேர்ந்து கட்டையில் இறங்கியபோது ஒரு நொடி அவனுக்குச் சுகமாகக்கூட இருந்தது. அதை நினைத்தால் இப்போது குமட்டியது.

தூணில் கட்டிப்போட்டிருந்தது லோடிங் ஆள் ஒட்டகத்தை. நெட்டையாக, கழுத்து நீண்டவன் என்பதால் அந்தப் பெயர். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் சட்டைக்குள் இரண்டு செல்போன் டப்பாவோடு கையும் களவுமாக மாட்டிக்கொண்டான். சூப்பர்வைசர் ஷட்டரை இறக்கச் சொன்னார். பார்சல் கட்டும் பிளாஸ்டிக் பட்டையால் அவனைத் தூணோடு இறுக்கச் சொன்னார். பிறகு எல்லோரையும் வரிசையாக நிறுத்தினார்.

"ஆளுக்கு ஒண்ணு. கை படாத ஆளே இருக்கக் கூடாது. அப்பதான் நாளைக்கு எவனும் வெளிய போய் வாயைத் தொறக்க மாட்டான். அந்த லேப்டாப்ப எங்க வித்தான்னு சொல்ற வரைக்கும் சுத்து நிக்காது, ஆமா."

முதல் சுற்று முடிந்ததும் ஒட்டகத்தின் முகத்தில் தண்ணீர் ஊற்றினார்கள். "எங்கடா?" என்றார் சூப்பர்வைசர். ஒட்டகம் சொல்லத்தான் பார்த்தான். தாடை ஒரு பக்கமாகத் தொங்கியது. ரத்தமும் எச்சிலும் கலந்து நெஞ்சில் வழிய, "ஆ... ஆ..." என்பதற்கு மேல் ஒன்றும் வரவில்லை.

"திமிரைப் பாருங்கடா, வாயைத் தொறக்குறானா பாரு."

"சார், அவனால பேச முடியாது சார். தாடை போயிருச்சு." லேபிள்காரனின் வாயிலிருந்து அது தானாகவே வந்துவிட்டது.

"வாங்குற அடில தானா வரும். நீ திங்கக்கிழமை மேல போற ஆளு, உனக்கு எதுக்கு இந்த வக்காலத்து?"

மேல் என்றால் மாடியில் கம்ப்யூட்டர் பிரிவு. ஃபேன் காற்று, நாற்காலி, சட்டையைக் கழற்றச் சொல்லாத வாசல். சூப்பர்வைசரின் ஒரு வார்த்தையை நம்பித்தான் அந்த வேலை இருந்தது. அதற்காகத்தான் அவன் தினமும் சாயங்காலம் மச்சினியிடம் புரோகிராம் எழுதப் படித்துக்கொண்டிருந்தான். நேற்றுகூட ஒரு பயிற்சி. பெல்ட்டில் பெட்டிகள் ஒவ்வொன்றாக வரும், உடைந்த பெட்டியைப் பார்த்ததும் பெல்ட் நிற்க வேண்டும். இவன் எழுதியது நிற்காமல் ஓடியது.

"என்ன மாமா பண்ணி வச்சிருக்கீங்க? இது பாட்டுக்கு ஓடுது!"

"ஒடஞ்ச பெட்டியைத் தொடாதன்னுதான் எழுதியிருக்கேனே."

"நீங்க தொடலைன்னா பெல்ட்டு நின்னுடுமா? நீங்க போட்டது கன்டினியூ. 'என்னை விட்டுரு, அடுத்த ஆளைப் பாரு'ன்னு அர்த்தம். போட வேண்டியது பிரேக். 'போதும், கடையைக் கட்டு'ன்னு அர்த்தம். அக்கா, உன் வீட்டுக்காரருக்கு ரெண்டுக்கும் வித்தியாசம் தெரியல!"

"உப்புக்கும் சக்கரைக்குமே தெரியாது, இது தெரியப்போகுதாக்கும்" என்று அடுப்படியிலிருந்து மனைவி சொல்ல, மூன்று பேரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள்.

இரண்டாவது சுற்று தொடங்கியது. ஒருவன் விலாவில் போட்டான். அடுத்தவன் குறி தவறிக் காதில் போட்டான். காது மடல் கிழிந்து தொங்கியது. ஒட்டகத்தின் கால்கள் தரையை உதைத்து உதைத்து ஒரு செருப்பு கழன்று ஓடியது. மூத்திரம் பேண்ட்டை நனைத்தது. அதைப் பார்த்து யாரோ சிரித்தார்கள். சிரிப்பு வரிசையில் பரவியது. லேபிள்காரனின் உதடும் கோணியது, பயத்தில்.

அவனுக்கு முன்னால் நின்றவர் எடை போடுகிறவர். கட்டை கைக்கு வந்ததும், "தோள்பட்டை தூக்க முடியல தம்பி, என்னை விட்டுருங்க" என்று இழுத்தார்.

"சரி, சரி, ஒண்ணு போட்டாச்சுல்ல, போங்க. அடுத்தது!" என்றார் சூப்பர்வைசர்.

அவ்வளவுதான். அவர் கட்டையை லேபிள்காரன் கையில் திணித்துவிட்டு, தப்பித்தோம் பிழைத்தோம் என்று கடைசிக்கு நடந்தார். இதே வார்த்தையைத்தான் லேபிள்காரனும் நாக்கு நுனியில் வைத்திருந்தான். கை சுளுக்கு, சார், என்னை விட்டுருங்க. சொல்லியிருந்தால் விட்டிருப்பார்கள். கட்டை தடியன் கைக்குப் போகும். தடியன் இந்தத் தடவை தாடையில் அடிக்க மாட்டான், மண்டையில் அடிப்பான். சொல்கிற வரைக்கும் நிற்காது. சொல்ல வாய் எங்கே இருக்கிறது?

அட முட்டாளே, என்று தன்னையே திட்டிக்கொண்டான். நீ தொடலைன்னா பெல்ட்டு நின்னுடுமா?

"என்ன, பிள்ளையார் மாதிரி நிக்கிற? அடி. இல்லைன்னா குடுத்துட்டு நகரு."

"அடிக்கல சார்."

"அப்ப நகரு."

"நகரவும் இல்ல." கட்டையை நெஞ்சோடு சேர்த்து இரண்டு கையாலும் கட்டிக்கொண்டான். "போதும் சார். செத்துருவான். போதும்."

தடியன் நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது. சூப்பர்வைசரின் முகத்தில் மாடி, நாற்காலி, ஃபேன் எல்லாம் மறைந்து போவதை லேபிள்காரன் கண்ணாலேயே பார்த்தான். அழுகை வந்தது. கட்டையை மட்டும் விடவில்லை.

"ஓஹோ," என்றார் சூப்பர்வைசர். "அப்ப இவனுக்கும் ஆளுக்கு ஒண்ணு போடுங்கடா. கட்டை எதுக்கு? கையே போதும்."

தடியன் யோசிக்கவில்லை. பிடரியில் இடி விழுந்தது. முழங்கால் மடங்கி, ஒட்டகத்தின் காலடியிலிருந்த ஈரத்தில் குப்புற விழுந்தான். முன்பல் ஒன்று உடைந்து நாக்கில் கிடந்தது. கட்டை நெஞ்சுக்கு அடியில் பத்திரமாக இருந்தது. அதன் மேல் கனமாகப் படுத்துக்கொண்டு, கண்ணை இறுக மூடி அடுத்த அடிக்குக் காத்திருந்தான். தலைக்கு மேல் ஒட்டகத்தின் மூச்சு கொரகொரவென்று இழுத்துக்கொண்டிருந்தது.

"அடுத்தது!" என்றார் சூப்பர்வைசர்.

அடி விழவில்லை. லேபிள்காரன் மெல்ல ஒரு கண்ணைத் திறந்தான். தரையோடு தரையாக வரிசையின் கால்கள் மட்டும் தெரிந்தன. தடியனுக்கு அடுத்து நின்றவன் குனிந்து ஷூ லேஸைக் கட்டிக்கொண்டிருந்தான். லேஸ் அவிழ்ந்திருக்கவே இல்லை. அதை அவிழ்த்துக் கட்டினான். மறுபடியும் அவிழ்த்தான்.

"அடுத்ததுடா!"

அவன் இன்னொரு காலின் லேஸுக்குக் கையைக் கொண்டுபோனான்.