எல்லாம் ஒண்ணுதான், சம்பந்தி

“எல்லாம் ஒண்ணுதான் சம்பந்தியம்மா, கண்ணை மூடிக்கிட்டு மாட்டுங்க” என்று சொன்னவர் சம்பந்திதான். சொன்னதை மறந்தவரும் அவர்தான். மறக்காமல் நெஞ்சுக்குள் வைத்துக் கறுவிக்கொண்டிருந்தவள் மேட்டுக்கடைக்காரி ஒருத்திதான்.

மேட்டுக்கடை என்பது சைக்கிள் ரிப்பேர் கடை. பேருக்கேற்ற மாதிரி மேட்டில் இல்லை, மேடு ஆரம்பிக்கும் இடத்தில் இருந்தது. அங்கே கடை போட்டதே ஒரு கணக்கோடுதான். சமதளத்தில் ஜாலியாக வருகிறவன் அந்த இடத்தில் கியர் மாற்றியாக வேண்டும், எழுந்து நின்று மிதித்தாக வேண்டும். அறுந்துபோகிற செயின் அங்கேதான் அறும். வண்டியைத் தள்ளிக்கொண்டு நாலு எட்டு வைத்தால் அவள் கடை வாசல்.

அவள் உதிரிச் சாமான் விற்பதில்லை. அதெல்லாம் சம்பந்தி கடையில். மகளை அந்த வீட்டில் கட்டிக் கொடுத்த பிறகு வேறு கடையில் வாங்கினால் மரியாதையாக இருக்காது என்று அங்கேயே வாங்கிக்கொண்டிருந்தாள். மரியாதைதான் அவளைக் கெடுத்தது.

செயினின் இரண்டு நுனியையும் சேர்க்கிற சின்னத் துண்டுக்குச் செயின் லாக் என்று பேர். சுண்டுவிரல் நகம் அளவுகூட இருக்காது. ஒரே மாதிரி இரண்டு பாதி, ஒவ்வொன்றிலும் ஒரு சின்ன முளை. ஒன்றை ஒன்று கவ்விக்கொள்ளும். பின்னால் ஒன்பது அடுக்குப் பல்சக்கரம் இருக்கிற வண்டிக்குச் செயின் கொஞ்சம் தடிமன். பத்து அடுக்கு என்றால் ஒரு நூல் ஒல்லி. அந்த ஒரு நூலில்தான் ஆளுடைய மூஞ்சி இருக்கிறது.

சம்பந்தி மொத்தமாக வாங்கி, பாதி பாதியாகச் சின்னக் கவரில் போட்டு, தானே எழுதி ஒட்டுவார். எழுத்தில் அவருக்கு ஒரு கிறுக்கு. கல்யாண வாழ்த்துமடலே இரண்டு பக்கம் எழுதியவர். கவரில் இப்படி இருக்கும்:

‘உள்ளே: முழுப் பாதி ஒன்று. ஒன்பதுக்கோ பத்துக்கோ குறையாதவை நீங்கலாக ஏனையவற்றுக்குப் பொருந்தாது எனக் கொள்ள வேண்டாம்.’

“இதுக்கு என்ன அர்த்தம் சம்பந்தி?” என்று அவள் வாங்கும்போதே கேட்டாள்.

“எழுதினா அழகா எழுதணும் சம்பந்தியம்மா.”

“அழகு இருக்கட்டும். இது ஒன்பதுக்கா, பத்துக்கா?”

“எல்லாம் ஒண்ணுதான்.”

இரண்டு கவர் வாங்கிக்கொண்டு வந்து தபால்காரர் வண்டியில் மாட்டினாள். லாக் மாட்டினால் பிரேக்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு பெடலில் ஏறி நிற்க வேண்டும். ‘டக்’ என்று விழும். அந்தச் சத்தத்தைத்தான் அவள் நம்புவாள், கண்ணை நம்ப மாட்டாள். அன்றைக்கும் ‘டக்’ என்றது. போங்க என்று அனுப்பிவிட்டாள்.

பாதி மேட்டில் லாக் பிய்த்துக்கொண்டு போனது. நின்று மிதித்துக்கொண்டிருந்த மனிதர் ஹேண்டில்பாரில் முகம் மோதி விழுந்தார். முன்பல் ஒன்று போனது. துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு அவர் வண்டியைத் தள்ளிவந்து நிறுத்தியபோது, அவள் லாக்கின் இரண்டு பாதியையும் உள்ளங்கையில் வைத்து நகத்தால் தடவிப் பார்த்தாள். ஒன்றின் முளை உயரம், மற்றதன் முளை குட்டை. ஒன்பதில் பாதி, பத்தில் பாதி. ஒரு பக்கம் மட்டும் கவ்வி ‘டக்’ என்று அவள் காதை ஏமாற்றியிருக்கிறது.

நேரே சம்பந்தி கடைக்குப் போனாள். கடை நிறைய ஆள். கல்லாப்பெட்டி பக்கத்தில் அவள் மகள் நின்று கவர் ஒட்டிக்கொண்டிருந்தாள்.

“சம்பந்தி, இதைக் கொஞ்சம் பாருங்க.”

அவர் பார்க்கவே இல்லை. “கவர்ல எல்லாம் எழுதித்தான் கொடுக்கிறோம்” என்றார், அவளிடம் அல்ல, கடையைப் பார்த்து. “மாட்டுற கை சரியில்லன்னா செயின் என்னங்க பண்ணும்?”

இரண்டு பேர் சிரித்தார்கள். மகள் தலையைத் தூக்கவில்லை. அந்தக் குனிந்த தலைக்காகத்தான் மேட்டுக்கடைக்காரி வாய்வரை வந்ததை மென்று விழுங்கிவிட்டு வெளியே வந்தாள்.

சொல் அவளுக்கு முன்னாலேயே தெருவுக்கு வந்துவிட்டது. ரொட்டிக் கம்பெனிப் பையன்கள் வண்டியைத் தள்ளிக்கொண்டு அவள் கடையைத் தாண்டி அடுத்த கடைக்குப் போனார்கள். பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர், “செயின் வேண்டாம்மா, காத்து மட்டும் அடிங்க” என்றார். செயினை அவள் கையில் கொடுக்கப் பயம்!

அன்றைக்கு ராத்திரி மகள் போன் பண்ணினாள்.

“அம்மா, விட்டுடும்மா. தினம் அவங்க மூஞ்சியில முழிக்கிறவ நான்.”

“நான் என்னடி பண்ணேன்? வாயையே திறக்கலையே.”

“நீ வாயைத் திறக்கலன்னாதான்மா எனக்குப் பயமே.”

“பயப்படாத. மாமா ஞாயித்துக்கிழமை வண்டி ஓட்டுறாராமே?”

“ஆமா. வியாபாரிங்க எல்லாம் சேர்ந்து போறாங்க. அவர்தான் முன்னாடி போவாரு. பளபளன்னு சட்டை, தொப்பி எல்லாம் வாங்கியிருக்காரு.”

“எந்த வழியா?”

மகள் எழுந்து கதவைச் சாத்துகிற சத்தம் கேட்டது. பிறகு, “உன் வழியாத்தான்” என்றாள்.

அதற்கப்புறம் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அவள் விடியலிலேயே கடையைத் திறந்துவிடுவாள். வாசலில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து கூட்டம் போவதைப் பார்ப்பாள். சம்பந்தி கையை ஆட்டிக்கொண்டு போவார். அவளும் பதிலுக்குக் கையை ஆட்டுவாள். ஆட்டிக்கொண்டே அவர் செயின் எழுப்புகிற சத்தத்தைக் கேட்பாள். கரகர என்றது. எண்ணெய் விடாத செயின், தேய்ந்த செயின், மேட்டில் வந்து கியரைப் படக்கென்று மாற்றுகிற கால். போகட்டும், இன்னும் ரெண்டு வாரம் தாங்கும், என்று ஒரு நாள் கணக்குப் போட்டுவிட்டு உள்ளே எழுந்து போனாள். சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

இரண்டு வாரம்கூடத் தாங்கவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமையே, கடைக்கு எதிரே, படார்!

செயின் பாம்பு மாதிரி ரோட்டில் கிடந்தது. சம்பந்தி ஒற்றைக் காலில் தத்தி நின்றார். பின்னால் வந்த கூட்டம் மொத்தமும் பிரேக் போட்டது.

“வாங்க சம்பந்தி, வாங்க! வெயில்ல ஏன் நிக்கிறீங்க?” மேட்டுக்கடைக்காரிக்கு வாயெல்லாம் பல். “எல்லாரும் வாங்க. தண்ணி குடிங்க.”

கூட்டத்தில் வந்த கண்ணாடிக்கடைக்காரர் தன் பையைத் திறந்தார். “என்கிட்ட ஒரு லாக் இருக்கு, போட்டுக்குங்க.”

“ஐயையோ, வேண்டாங்க!” அவள் குறுக்கே புகுந்தாள். “ஊருக்கே சாமான் விக்கிறவர். அடுத்தவங்க சாமான்ல அவர் வண்டி ஓடினா நல்லாவா இருக்கும்? சம்பந்திக்கு மரியாதைக் குறைச்சல் இல்லையா?”

மரியாதை என்றதும் சம்பந்தி நெஞ்சை நிமிர்த்தினார். “அதானே. போன் போட்டா என் மருமகளே கொண்டு வந்துடுவா.”

மகள் கொண்டுவந்தாள். எது என்று தெரியாமல் ஒரு கொத்துக் கவரை அப்படியே பையில் போட்டுக்கொண்டு வந்து பெஞ்சில் கொட்டினாள். அம்மாவைப் பார்த்தாள். அம்மா அவளைப் பார்க்கவில்லை. இதற்குள் தபால்காரரும் டீ டம்ளரோடு வந்து நின்றார். ஞாயிற்றுக்கிழமை அவருக்கு வேலை இல்லை, வேடிக்கைதான்.

“எடுத்துக் குடுங்க சம்பந்தி. ரெண்டு பாதி.”

“நீங்களே எடுங்களேன்.”

“அய்ய, மாட்டுற கைதானே நான். எடுக்கிற கை நீங்க. கவர்ல எழுதியிருக்குமே, சத்தமாப் படிங்க. இவங்களும் கேக்கட்டும்.”

அவர் ஒரு கவரை எடுத்தார். மூக்குக்கண்ணாடி இல்லாததால் கையை நீட்டிப் பிடித்துக்கொண்டார். “உள்ளே முழுப் பாதி ஒன்று. ஒன்பதுக்கோ பத்துக்கோ குறையாதவை நீங்கலாக... ஏனையவற்றுக்கு... பொருந்தாது என... கொள்ள வேண்டாம்.”

“பொருந்துமா, பொருந்தாதா?” என்றார் கண்ணாடிக்கடைக்காரர்.

“கொள்ள வேண்டாம்னு எழுதியிருக்கே. வாங்காதீங்கன்னு அர்த்தமோ?” என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

“முழுப் பாதின்னா என்னங்க? அரைப் பாதியும் இருக்கா?” என்று இன்னொன்று.

சிரிப்பு தெருக்கோடிவரை போனது. சம்பந்தி அவசரமாக இரண்டு கவரைப் பிய்த்து அவள் கையில் திணித்தார். “இந்தாங்க. எல்லாம் ஒண்ணுதான்.”

“அதைத்தான் நானும் சொல்றேன். எல்லாம் ஒண்ணுதான்.”

அவள் மாட்டினாள். அவசரப்படவில்லை. நகத்தால் முளைகளைத் தடவியபோதே தெரிந்துவிட்டது: ஒன்று உயரம், ஒன்று குட்டை. முகத்தில் எதையும் காட்டவில்லை. பிரேக்கைப் பிடித்துக்கொண்டு பெடலில் ஏறி நின்றாள். ‘டக்.’

“கேட்டுச்சா எல்லாருக்கும்? விழுந்துடுச்சு.” வண்டியை மேட்டைப் பார்க்கத் திருப்பி நிறுத்தினாள். “ஏறுங்க சம்பந்தி. நல்லா நின்னு மிதிங்க.”

சம்பந்தி ஏறவில்லை. செயினைப் பார்த்தார். மேட்டைப் பார்த்தார். தபால்காரர் அந்த நேரம் பார்த்துச் சிரித்து வைத்தார், பல் போன இடம் கறுப்பாகத் தெரிய.

“என்ன சம்பந்தி யோசனை? உங்க சாமான், உங்க எழுத்து. கை மட்டுந்தான் என்னோடது. கை மேல சந்தேகமா?”

“இல்ல...”

“அப்ப ஏறுங்க.”

அவள் ஒரு கை சீட்டைப் பிடித்தபடியே இருந்தது. அவர் ஏறினால் விடுவதற்கா, இழுத்து நிறுத்துவதற்கா என்று அவளுக்கே தெரியவில்லை.

அவர் முகத்தில் ஈயாடவில்லை. தொப்பியைக் கழற்றினார். “சம்பந்தியம்மா, கொஞ்சம் உள்ள வாங்களேன், பேசலாம்.”

“அன்னைக்கு என்னை நடுக்கடையில வெச்சுத்தானே பேசினீங்க? இங்கயே பேசுங்க.”

“பெட்டி ரெண்டு” என்றார். பக்கத்தில் நின்றவர்களுக்கு மட்டும் கேட்கிற மாதிரித் தொடர்ந்தார். “ஒன்பது ஒரு பெட்டி, பத்து ஒரு பெட்டி. தட்டுல ஒண்ணாக் கொட்டிட்டேன். எது எதுன்னு இப்ப எனக்கே தெரியாது. அதான்... ரெண்டுக்கும் சேர்த்து ஒரே மாதிரி எழுதிட்டேன்.”

“அப்ப இவர் பல்லு?”

“என் கடை சாமான்.”

“பின்னாடி நிக்கிறவங்களுக்குக் கேக்கல.”

“என் சாமான்தான் காரணம்!” சம்பந்தி கத்தியே விட்டார். “உங்க கை இல்ல. போதுமா?”

மேட்டுக்கடைக்காரி சீட்டிலிருந்து கையை எடுத்தாள். குறட்டால் லாக்கைப் பிய்த்துக் குப்பை டப்பாவில் போட்டாள். “போதும் சம்பந்தி. வண்டியைத் தள்ளிக்கிட்டுப் பத்திரமாப் போங்க. செயினைக் கழுத்துல போட்டுக்காதீங்க, சட்டை கறையாயிடும்.”

கூட்டம் அவர் இல்லாமலே மேடு ஏறியது. கண்ணாடிக்கடைக்காரர் மட்டும் போகும்போது, “நாளைக்கு என் வண்டியைக் கொண்டு வரேங்க, செயின் பார்க்கணும்” என்றார். சம்பந்தி வந்த வழியே வண்டியைத் தள்ளிக்கொண்டு நடந்தார். பளபளச் சட்டை தூரம்வரை தெரிந்தது.

மகள் மேஜை இழுப்பறையைத் திறந்தாள். எண்ணெய்த் துணியில் சுற்றி, சம்பந்தி வண்டிக்கு அச்சாகப் பொருந்துகிற லாக் ஒரு ஜோடி, இரண்டு பாதியும் ஒரே உயரத்தில், இருந்தது.

“அம்மா! இதை வெச்சுக்கிட்டா அவரை நடக்க விட்டே?”

“தபால்காரரும் நடந்துதானே வந்தாரு. ரத்தத்தோட.”

“உனக்கென்ன, சொல்லிடுவ. இப்ப நான் அந்த வீட்டுக்குப் போகணும். ராத்திரி சாப்பாட்டுல உட்கார்ந்து ஒவ்வொண்ணாப் பேசுவாரு.”

மேட்டுக்கடைக்காரி லாக்கைத் துணியில் சுற்றி இழுப்பறையில் வைத்துச் சாத்தினாள். கையைத் துடைத்துக்கொண்டு, மகள் நெற்றியில் வழிந்த முடியை ஒதுக்கிவிட்டாள்.

“பேசட்டும். நீ ஒண்ணும் சொல்லாத. சாதம் போடும்போது, ‘மாமா, அடுத்த ஞாயித்துக்கிழமையும் எங்கம்மா கடை வழியாத்தானே போகணும்’னு மட்டும் கேளு.”