மனோஜ்குமார் இன்னும் ரத்தம் கொடுக்கவில்லை

1

இந்தக் கதையை நான் தேடிப் போகவில்லை. சிங்காநல்லூரில் பட்டறை வைத்து மோட்டாருக்குக் காயில் (செம்புக் கம்பிச்சுருள்) கட்டுகிறவர், எங்கள் வீட்டுத் தண்ணீர் மோட்டாரை மாட்டிவிட்டுக் காபி குடிக்கும்போது அவராகக் கொட்டியது. "எழுதிப்போடுங்க அக்கா. பேரை மட்டும் மாத்திக்கங்க" என்றார். மாற்றியிருக்கிறேன். மனோஜ்குமார் அவர் பெயரல்ல.

2

தொடக்கம், முதல் முயற்சி: மார்கழிக் குளிரில் ஆர்.எஸ்.புரம் வெறிச்சோடிக் கிடந்த

வேண்டாம். குளிரைக் காட்டிப் பயமுறுத்துவது மட்டமான வேலை.

மனோஜின் அக்கா கீதாவுக்கு மார்பில் புற்றுநோய். வயது நாற்பத்தொன்று. அவர்களுடைய அம்மா நாற்பத்துநாலில் சினைப்பைப் புற்றுநோயால் போய்ச் சேர்ந்தவர். கீதாவின் ரத்தத்தைச் சோதித்த டாக்டர் தம்பியையும் உட்காரவைத்துப் பேசினார். உயிரணுவுக்குள் டிஎன்ஏ இழை அவ்வப்போது அறுந்துபோகும். அதைச் சேர்த்துவைக்க ஒரு புரதம் உண்டு. பிஆர்சிஏ1 என்ற மரபணு சொல்லித்தான் அந்தப் புரதம் உருவாகிறது. கீதாவுக்கு அம்மாவிடமிருந்து வந்த பிரதி பழுது.

"அப்ப ரிப்பேர்க்காரனே ரிப்பேருங்களா?" என்றார் மனோஜ்.

டாக்டர் சிரிக்கவில்லை. "உங்களுக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு இருக்குதுங்க. ரத்தம் குடுத்துட்டுப் போங்க."

"இது பொம்பளைங்க சீக்குங்களே. அதுவுமில்லாம அம்மா வேற கூட்டம். நாங்க அப்பா கூட்டமுங்க."

(எங்கள் பக்கத்துக் கவுண்டர் வீடுகளில் கூட்டம் தகப்பன் வழியில் வருவது. ஒரே கூட்டம் என்றால் அண்ணன் தங்கை, கல்யாணம் கிடையாது. கோயில், சீர், பங்காளி எல்லாமே அப்படித்தான். மரபணுவுக்கு இந்த முறையெல்லாம் தெரியாது. இத்தனை வயதுக்கு நானும் இதை யோசித்ததில்லை.)

"உங்களுக்குப் பொண்ணு இருக்குதுங்களா?" என்று டாக்டர் கேட்டார்.

இருக்கிறாள். நேஹா, கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. அப்பனிடம் பழுது இருந்தால் மகளுக்கும் போயிருக்கலாம். முன்கூட்டியே தெரிந்தால் இருபத்தைந்து வயதிலிருந்து ஸ்கேன் எடுத்துக் கண்காணிக்கலாம், தடுக்கவும் வழி உண்டு என்றார் டாக்டர். மனோஜ் வண்டிச் சாவியைக் கையில் எடுத்துக்கொண்டார். "வண்டி ரோட்டுல நிக்குதுங்க" என்று எழுந்தவர்தான், மூன்று மாதமாக அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை.

3

கரண்டில் கை வைக்கிற ஆள் ஊசிக்குப் பயப்படுவாரா என்று எழுதி, அடித்துவிட்டேன். ஊசியா பயம்? காலையில் நேஹா பஸ்ஸுக்கு ஓடும்போது தெருமுனை வரைக்கும் அவள் முதுகையே பார்த்துக்கொண்டு நிற்கிறார். அவள் லேசாக இருமினால்கூட எழுந்துபோய்ப் பார்க்கிறார். மனைவியிடமும் சொல்லவில்லை. கீமோவில் முடியெல்லாம் கொட்டிப்போன கீதா மட்டும் போன் போட்டு, "போனியா கண்ணு?" என்று கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

"நாளைக்குப் போறனுங்க அக்கா" என்பார்.

4

முடிவு ஒன்று: ரிப்போர்ட் வருகிறது. பழுது இல்லை. மனோஜ் பஸ் ஸ்டாண்டு பெஞ்சில் உட்கார்ந்து அழுகிறார்.

முடிவு இரண்டு: பழுது இருக்கிறது. நேஹாவைக் கூப்பிட்டு, "அம்மணி, இப்படி வா, உங்கிட்ட ஒண்ணு சொல்லோணும்" என்று

இதற்கு மேல் எனக்குக் கை ஓடவில்லை.

முதல் முடிவையே வைத்துக்கொண்டு, போன வாரம் அவருக்குப் படித்துக் காட்டினேன். அங்கேதான் தப்புப் பண்ணிவிட்டேன். கேட்டு முடித்ததும் மனிதருக்கு முகம் தெளிந்துவிட்டது.

"இல்லைன்னு வந்துருச்சுங்களே அக்கா. அப்புறம் எதுக்குங்க டெஸ்ட்டு?"

வேடிக்கை பேசுகிறார் என்று நினைத்தேன். என் முன்னாலேயே கீதாவுக்குப் போன் போட்டார். "பாத்தாச்சுங்க அக்கா. ஒண்ணுமில்லையாமா." மறுமுனையில் கீதா விம்மி அழுதது எனக்கே கேட்டது.

5

அதனால் இரண்டு முடிவையும் எடுத்துவிடுகிறேன். மேலே இருப்பவை அடிக்கப்பட்டவை என்றே படியுங்கள்.

கடைசியில் முடிவை வாசகரிடம் விட்டுவிடுவது கதை எழுதுகிற எங்கள் வழக்கம். இதை எல்லா வாசகரிடமும் விடமுடியாது. ஒருவரிடம்தான் விட வேண்டும். மனோஜ், நீங்கள் இதைப் படிப்பீர்கள் என்று தெரியும். உங்கள் ரத்தத்தில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. "இல்லை" என்று எழுதியது என் ஆசைக்கு. எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது. அடுத்த மாதம் நேஹாவுக்கு இருபது முடிகிறது. கிளினிக்கைக் காலையில் ஒன்பது மணிக்குத் திறக்கிறார்கள். ரத்தம் கொடுத்துவிட்டு வந்து, எது வந்தாலும் அதையே கீழே ஆறாவதாக எழுதுங்கள். நான் தொடமாட்டேன்.

6