மத்திமம் இல்லாத ராகம்

அரியலூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் சிமெண்ட் லாரிகளுக்குத் தார்ப்பாய் தைக்கும் சிங்காரவேலு ஒரு புது ராகத்தைக் கண்டுபிடித்துவிட்டான். கண்டுபிடித்தவன் சும்மா இருந்தானா? செட்டிகுளம் பங்குனி உத்திரத்துக்குக் கூட்டம் போகிற வழியில் ஆளுயர ஃப்ளெக்ஸ் கட்டிவிட்டான். கறுப்புக் கண்ணாடி, கன்னத்தில் கை, முதுகுக்குப் பின்னால் இறக்கை முளைத்த பியானோ. 'இசை உலகிற்கு அரியலூரின் கொடை! சிங்காரரஞ்சனி ராகம் கண்ட மாமேதையே!' என்று கொட்டை எழுத்து. கீழே வாழ்த்துவோர் வரிசையில் அவன் மச்சான்மார்களின் படங்கள். அவர்களில் ஒருவனுக்கும் ராகம் என்றால் என்னவென்று தெரியாது. படம் பெரிதாக வந்தால் போதும் என்று சொல்லிவிட்டார்கள்.

ராகத்தின் விசேஷம், அதில் மத்திமம் கிடையாது. ஸ, ரி, க என்று ஏறும். ம-வைத் தாண்டிக் குதித்து ப, த, நி என்று போய்விடும். மத்திமம் இல்லாத ராகங்கள் ஏற்கெனவே எத்தனையோ இருக்கின்றன. போனில் அவன் போட்ட வீடியோவுக்குக் கீழே ஒருவர் அதைப் பணிவாகவே எழுதினார். சிங்காரவேலு அவரை உடனே பிளாக் செய்தான்.

சரி, அந்த ம எங்கே போயிற்று? அதைச் சொல்லாமல் இந்தக் கதை நகராது.

லெப்பைக்குடிக்காடு ஹுமாயூன் பாய் துபாயில் பல காலம் இருந்துவிட்டு வந்து, சவுண்ட் சர்வீஸும் ஆர்க்கெஸ்ட்ராவும் நடத்துகிறவர். காதால் கேட்டதை அப்படியே கையால் வாசிக்கிறானே என்று, தான் கொண்டுவந்த கீபோர்டை ஆர்க்கெஸ்ட்ராவில் வாசிக்கச் சொல்லி சிங்காரவேலுவிடம் கொடுத்துவைத்தார். அது தார்ப்பாய்க் கடையிலேயே கிடந்தது. ஒரு நாள் அதன்மேல் டீ கொட்டியது. துடைக்கச் சோம்பல்பட்டு விட்டுவிட்டான். ஈரத்தின் மேல் சிமெண்டுத் தூசி படிந்தது. சிமெண்டில் ஈரம் பட்டால் என்ன ஆகும் என்று அரியலூர்க்காரனுக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. நட்ட நடுவில் இருந்த வெள்ளைக் கட்டை ஒன்று இறுகி ஊமையாகிவிட்டது.

அதைப் பழுது பார்க்கத் திருச்சிக்குப் போயிருக்கலாம். போகவில்லை. அதற்குப் பதிலாக விரல் அந்த இடத்தைத் தாண்டக் கற்றுக்கொண்டது. யார் எந்தச் சுருதியில் பாடினாலும் அவனுக்குக் கவலையில்லை. ஓரத்தில் ஒரு பட்டனைத் தட்டினால் கீபோர்டின் சுருதியே ஏறி இறங்கிக்கொள்ளும். அவன் விரல் எப்போதும் நடுவிலுள்ள அதே கட்டைகளில்தான் மேயும். ஆகவே அவன் வாசித்த எல்லாப் பாட்டிலும் ஒரே இடத்தில் ஒரு குழி. டிரம்ஸ் அடிக்கிற அடியில் அது யார் காதிலும் விழவில்லை. வருஷக்கணக்காகத் திருவிழா, காதுகுத்து, கல்யாணம் எல்லாம் அப்படியே ஓடின.

இதோடு விட்டிருந்தால் அவனும் நிம்மதியாக இருந்திருப்பான், ஊரும் நிம்மதியாக இருந்திருக்கும். போன வருஷம் அவனுக்குத் தியரி பிடித்தது.

போனில் யாரோ ஒரு வாத்தியார் ஸ்கேல், ராகம், ஸ்வரம் என்று வீடியோ வீடியோவாகப் போட்டிருந்தார். ஊசியும் நூலும் கையிலிருக்க, தார்ப்பாய் மடியிலிருக்க, சிங்காரவேலு அத்தனையும் பார்த்தான். பார்த்ததில் பாதி புரிந்தது. புரியாத பாதியைத்தான் ஊருக்குச் சொல்ல ஆரம்பித்தான். டீக்கடையில் பாய்லர் விசில் நிஷாதத்தில் ஊதுகிறது என்றான். ஸ்டேஷனில் ரயில் கூவினால், "ச்சே, கொஞ்சம் எறக்கமா இருக்கு" என்று முகத்தைச் சுளித்தான். ஒரு சாவு வீட்டில், மார்பில் அடித்துக்கொண்டு ஒப்பாரி வைத்த காத்தாயியிடம் குனிந்து, சுருதி விலகுகிறது என்று எடுத்துச் சொன்னான். அவள் அழுகையை நிறுத்தினாள்.

"எலே, ஒன் வூட்டுல எழவு வுழும்போது சுருதியோட அழுவுறேன். இப்ப நகரு" என்றாள். பிறகு விட்ட இடத்திலிருந்து அழுதாள்.

வீட்டில் அவன் மனைவி சுமதிக்கு வேறு தொல்லை. கட்டைகளுக்கு அடையாளம் வைக்க அவளுடைய ஸ்டிக்கர் பொட்டு அட்டைகளைக் காலி செய்துவிட்டான். ஸ-வுக்குச் சிவப்பு, ரி-க்குப் பச்சை, க-வுக்கு மெரூன் என்று கீபோர்டு முழுக்கப் பொட்டு. ஊமைக் கட்டைக்கு மட்டும் வைக்கவில்லை. செத்ததற்கு எதற்குப் பேர் என்று விட்டுவிட்டான்.

"எல்லாத்துக்கும் வச்சீங்களே, இது மட்டும் என்னா பாவம் பண்ணுச்சு?" என்று சுமதி கேட்டாள்.

"அதுக்கு வேலை இல்லடி."

பொட்டு வைத்த கட்டைகளைப் பார்த்துத் தான் வாசிக்கும் பாட்டுகளையெல்லாம் ஸ்வரமாக எழுதிப் பார்த்தபோதுதான் அவனுக்கு மயிர்க்கூச்செறிந்தது. ஒன்றில்கூட ம இல்லை! பக்தியா, ம இல்லை. குத்துப்பாட்டா, அதிலும் இல்லை. இன்னொருவனாக இருந்தால் ஊமைக் கட்டையை ஒரு தரம் திரும்பிப் பார்த்திருப்பான். சிங்காரவேலுவும் பார்த்தான். பார்த்துவிட்டு, தான் தொடாமல் விட்டது அந்தக் கட்டை செத்துப்போனதால் அல்ல, தான் தொடத் தேவையில்லாததால்தான் அது செத்துப்போனது என்ற முடிவுக்கு வந்தான். பிறவியிலேயே மத்திமத்தைத் தள்ளிய ஞானம் தன்னுடையது என்று நம்பினான். அன்றைக்கே ராகத்துக்குப் பேரும் வைத்தாயிற்று.

ராகம் பிறந்த கையோடு அதற்கு ஒரு எதிரியும் வேண்டுமே! பூங்குழலி மாட்டினாள்.

பூங்குழலி பூலாம்பாடிக்காரி. பெரம்பலூரில் ஒரு ஜவுளிக்கடையில் நாள் முழுக்க நின்றுகொண்டே சேலை பிரித்துப் போடுகிறவள். அங்கே அவள் வாயைத் திறந்தால் 'வேற கலர் காட்டும்மா' என்பார்கள். ஹுமாயூன் பாய் மேடையில் அவள் வாயைத் திறந்தால் ஊரே வாயை மூடும். அந்த ஒரு மைக்கை நம்பித்தான் அவள் வாரம் முழுக்கப் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். அந்த மைக்குக்குத்தான் சிங்காரவேலு உலை வைத்தான்.

ஒத்திகையில் பாட்டை நிறுத்திவிட்டுச் சொன்னான். "பூங்குழலி, நீ எப்பப் பாத்தாலும் ஒரு எடத்துல வெலகுற. என் கட்டையில இல்லாத ஸ்வரம் ஒன்னு ஒன் தொண்டையில வருது."

"பாட்டுல இருக்குண்ணே. பாடுறேன்."

"பாட்டுல இருந்தா என் கையில வந்திருக்கணும்ல? ஒனக்குத் தியரி தெரியாது. சும்மா இரு."

ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணல் என்பார்கள். இவன் கூடத்தையே இடிக்கக் கிளம்பிவிட்டான். ஹுமாயூன் பாயிடம் போய், இனிமேல் ஒன்று அவள் இருக்க வேண்டும், இல்லை தான் இருக்க வேண்டும் என்று நின்றான். பாய் தாடியைச் சொறிந்தார். ஃப்ளெக்ஸைப் பார்த்துவிட்டு நாலு ஊரிலிருந்து 'அந்தப் புது ராகக்காரரோட கச்சேரி' என்று விசாரித்திருந்தார்கள். அவருக்கும் தொழில் இருக்கிறதே.

"செட்டிகுளம் முடியட்டும், வேலு. ஒன் ராகத்த ஜனங்க ஏத்துக்கிட்டா வேற பாடகி பாத்துடுவோம். இன்ஷா அல்லாஹ்" என்றார். பூங்குழலியைக் கூப்பிட்டு, "இந்த ஒரு கச்சேரி, அவன் சொல்றபடி பாடிடும்மா. சண்ட வேணாம்" என்றார்.

பூங்குழலிக்குக் கண் கலங்கியது. ஆனால் குரல் கலங்கவில்லை. "அவரு கட்டையில இருக்கறத மட்டும் பாடணும், அவ்வளவுதானே பாய்? சரிங்க" என்றாள்.

உத்திரத்தன்று சாயங்காலம், விளக்கு வைக்கிற நேரம். காவடி இறக்கிவிட்டு வந்த ஜனம் மேடை முன்னால் காலை நீட்டி உட்கார்ந்திருந்தது. பாயின் மருமகன் வாசிம் ஷார்ஜாவிலிருந்து ஒரு புதுக் கீபோர்டு கொண்டுவந்திருந்தான். மாமேதைக்கு மரியாதை வேண்டாமா என்று பாய் அதையே மேடையில் வைத்துவிட்டார். பளபளவென்று எல்லாக் கட்டையும் வேலை செய்கிற கீபோர்டு. சிங்காரவேலு கறுப்புக் கண்ணாடியோடு உட்கார்ந்தான்.

மைக்கைப் பிடித்து ராகத்தின் வரலாற்றை விளக்கினான். மத்திமம் ஏன் மனிதனுக்குத் தேவையில்லை என்று விளக்கினான். முன்வரிசையில் ஆண்டாயி என்ற கிழவி பொரி தின்றுகொண்டே, "பாட்டு எப்பய்யா போடுவ?" என்றாள். போட்டான். செட்டிகுளத்தில் மாடு மேய்க்கிறவனுக்குக்கூட முழுசாகத் தெரிந்த முருகன் பாட்டு. டிரம்ஸை அடக்கி வாசிக்கச் சொல்லியிருந்தான், ராகம் எடுபட வேண்டுமே என்று.

பூங்குழலி பாடினாள். அழகாகத்தான் பாடினாள். ம வருகிற இடத்தில் வாயை மூடினாள். ம போனதும் திறந்தாள். கண்டிப்பான கணக்கு.

அவ்வளவு காலமும் அவன் விட்ட இடத்தை அவள் குரல் நிரப்பிக்கொண்டிருந்தது. இப்போது இரண்டு பேரும் விட்டார்கள். பாட்டு பல்லுப்போன வாய் மாதிரி இளித்தது.

"பாய்! மைக்கு வுட்டு வுட்டு வருது!" என்று கூட்டத்திலிருந்து ஒருவன் கத்தினான்.

ஹுமாயூன் பாய் பதறி ஓடி ஒயரை ஆட்டினார். மறுபடி அதே இடம், மறுபடி சத்தம் இல்லை. மைக்கை மாற்றினார். அதுவும் சரியாக அதே இடத்தில் செத்தது. "யா அல்லா, புது மைக்காச்சே!" என்று ஆம்ப்ளிஃபயரைத் தட்டினார். 'சவுண்டு சரியில்ல, காச வாங்குனாங்கல்ல' என்று இளவட்டங்கள் விசிலடித்தன. ஆண்டாயி பொறுத்துப் பொறுத்துப் பார்த்தாள். குழி வருகிற இடத்தில் பொரியை விழுங்கிவிட்டு விட்டுப்போனதைத் தானே உரக்கப் பாடினாள். பக்கத்துப் பெண்களும் சேர்ந்துகொண்டார்கள். மேடையிலிருந்து பாட்டு, கீழேயிருந்து ம. சிங்காரவேலு உலகத்திலிருந்தே ஒழித்த மத்திமத்தை ஊரே கூடிப் பாடியது.

பாய் மேடை ஏறினார். "என்னம்மா ஆச்சு? தொண்ட கட்டிருச்சா?"

பூங்குழலி மைக்கிலேயே பதில் சொன்னாள். "மைக்கும் நல்லாருக்கு, தொண்டையும் நல்லாருக்குங்க பாய். அந்த எடம் அண்ணன் ராகத்துல இல்லையாம். பாட வேணாம்னாரு. வுட்டுட்டேன்."

கூட்டம் ஒரு கணம் யோசித்தது. பிறகு ஒருவன் எழுந்து நின்றான். "அடப்பாவி, வுட்டுட்டுப் பாடுறதுக்குப் பேரு புது ராகமா? எம் பொண்டாட்டி வைக்கிற சாம்பார்ல பருப்பே இல்ல, அதுவும் புதுச் சாம்பாருதான்! அவளுக்கும் ஒரு ஃப்ளெக்ஸ் வையுங்கடா!"

சிரிப்பு முருகன் கோயில் மலையில் மோதித் திரும்பியது. பாய்க்கு முகம் சிவந்தது. "நீ எப்பவும் பாடுற மாதிரி பாடும்மா" என்றார்.

பூங்குழலி பல்லவியை எடுத்தாள். சிங்காரவேலுவுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. இவளால் முடிந்தது தன்னால் முடியாதா? இந்தக் கீபோர்டில்தான் அந்தக் கட்டை உயிரோடு இருக்கிறதே! அந்த இடம் வந்தது. விரலை அழுத்தினான். பழக்கமில்லாத விரல், தாண்டியே பழகிய விரல். ஒரு தாளம் பிந்தி, பக்கத்துக் கட்டையையும் சேர்த்து மிதித்து, பன்றி மிரண்ட மாதிரி ஒரு சத்தம் போட்டது. கூட்டம் ஊளையிட்டது. அந்த ஊளைக்கு நடுவே பூங்குழலியின் குரல் அந்த ஸ்வரத்தில் நின்று, குழைந்து, இறங்கியது.

"ஆங்! மைக்கு சரியாயிடுச்சு பாய்!" என்றாள் ஆண்டாயி.

அப்போதுதான் அவன் கேட்டான். அத்தனை வருஷம் பக்கத்தில் உட்கார்ந்து வாசித்தவன், அன்றைக்குத்தான் முதல் தடவையாகக் கேட்டான். ஒவ்வொரு பாட்டிலும் தான் வெட்டிய குழியில் ஊர் விழாமல் இவள்தான் பலகை போட்டு வைத்திருக்கிறாள். அதற்குக் கூலியாக அவள் மைக்கைப் பிடுங்கப் பார்த்தோமே என்று நினைத்தபோது அவனுக்குக் காது இரண்டும் சுட்டது. கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டான்.

பாட்டு முடிந்ததும் ஹுமாயூன் பாய் எல்லோர் எதிரிலும் கேட்டுவிட்டார். "பூங்குழலி, நீ சொல்லும்மா. இவன் இருக்கட்டுமா, வேற ஆளு பாக்கட்டுமா?"

சிங்காரவேலு தலையைத் தூக்கவில்லை. அவனுக்கும் தார்ப்பாயை விட்டால் இந்த மேடைதான்.

பூங்குழலி கீபோர்டு பக்கம் வந்தாள். அவன் பிந்தி அழுத்திய ம கட்டையைப் பார்த்தாள். நெற்றியிலிருந்து ஸ்டிக்கர் பொட்டை உரித்து அந்தக் கட்டையின் மேல் ஒட்டி, கட்டை விரலால் அழுத்தித் தேய்த்தாள்.

"இருக்கட்டுங்க பாய். இவ்வளவு வருஷம் இருந்துட்டாரு" என்றாள். பிறகு அவனிடம் குனிந்து, மைக்கில் கேட்காதபடி சொன்னாள். "ஆனா இது என்னோடதுண்ணே. தொட்டீங்கன்னா கைய ஒடிச்சிடுவேன்."

அடுத்த பாட்டுக்கு பாய் கை காட்டினார். சிங்காரவேலு வாசித்தான். பொட்டு வைத்த கட்டை வந்ததும் விரலைத் தூக்கிக்கொண்டு, அவள் பாடி முடிக்கும்வரை காத்திருந்தான்.