கடுகுக் குதிர்

ஒடீல் கார்னோ என்ற அந்தப் பெண் படம் எடுக்கப் போகிறேன் என்று டன்வேலுக்கு வந்து இறங்கியபோது நாங்கள் யாரும் நம்பவில்லை. படம் எடுக்கிறவர்கள் மலை இருக்கிற பக்கம் போவார்கள், கடல் இருக்கிற பக்கம் போவார்கள். கனடாவில் சஸ்காட்சுவான் மாநிலத்தின் இந்த மூலையில், ரயில்காரர்கள் தண்டவாளத்தையே பெயர்த்து எடுத்துக்கொண்டு போய்விட்ட ஊரில், அவளுக்கு என்ன வேலை? பள்ளிக்கூடத்தை மூடி ஜன்னல்களுக்குப் பலகை அடித்தாகிவிட்டது. கடைசியாகத் தீயணைப்பு நிலையமும் போயிற்று. அதன் வண்டியைக் கார்வெல் ஊர்க்காரர்கள் வாங்கி ஓட்டிக்கொண்டு போன அன்று, பல வருஷம் அதற்குத் தலைவராக இருந்த தோர்வால்ட் வீட்டைவிட்டு வெளியே வரவில்லை.

மிச்சமிருந்த நாங்கள் காலையில், பனிக்கட்டித் தரையில் கல்லைத் தள்ளி ஆடும் கர்லிங் ஆட்டக்கூடத்தில் கூடிக் காபி குடிப்போம். ஒடீல் ஒரு ஓரத்தில் கேமராவை நிறுத்திவிட்டு அதன் பின்னால் அசையாமல் நிற்பாள். தனி ஆள்தான். படம் பிடிப்பது, சத்தம் பதிவது எல்லாம் அவளே. எங்களை எதுவும் செய்யச் சொன்னதில்லை.

ஒருநாள் ஆல்வின் ப்ரோகோப் கேட்டே விட்டான். "ஏம்மா, உன் படத்துல என்னதான் நடக்கும்?"

"ஒண்ணும் நடக்காது, ஆல்வின். நீங்க காபி குடிப்பீங்க. வெளியில காத்தடிக்கும்."

"இதைப் பாக்க எவன் வருவான்?"

"ஒரு நாலு பேராவது வருவாங்க."

"நம்ம ஊர்க் கூட்டத்துக்கு வர்றதைவிட ரெண்டு பேர் ஜாஸ்தி," என்றாள் ஆர்டித். அவள் தோர்வால்டின் மனைவி. அவளுக்குச் சிரிக்காமல் சொல்ல வரும்.

என் பெயர் வெர்னா. லாரி ஓட்டுகிறேன். சுற்றுவட்டாரத்துத் தானியத்தை ஏற்றிக்கொண்டுபோய், ரயில் இன்னும் ஓடுகிற வெளியூர்க் கிடங்கில் கொட்டுவது என் பிழைப்பு. அறுபது தாண்டியும் உடம்பில் சதை பிடிக்காத வாகு எனக்கு. ஆல்வின் அதற்கு நேர்மாறு. எழுபதைத் தாண்டிய பெரிய உடம்பு, ஊரின் விளிம்பில் தனி வீடு. வீட்டுக்குப் பின்னால் வரிசையாக அவனுடைய இரும்புக் குதிர்கள். ஒவ்வொன்றும் இரண்டு மாடி உயரம்.

நவம்பர் தொடக்கத்தில் ஒரு காலையில் அவனுடைய கடுகை ஏற்றப் போனேன். பனி இன்னும் விழவில்லை, தரை மட்டும் இறுகிக் கிடந்தது. குதிரின் அடியிலிருந்து தானியத்தை இழுத்து லாரியில் கொட்டும் நீண்ட திருகுக்குழாயை ஆல்வின் டிராக்டரோடு பூட்டி வைத்திருந்தான். ஒடீல் எனக்கு முன்பே வந்திருந்தாள். களத்தின் ஓரத்தில் கேமரா, அதன் பின்னால் அவள். கையை மட்டும் லேசாகத் தூக்கினாள். ஆல்வின் டிராக்டரை முடுக்கினான். அதற்குப்பின் யார் கத்தினாலும் யாருக்கும் கேட்காது.

நான் லாரிக்குள் உட்கார்ந்து, பெட்டியில் கடுகு விழுவதைக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு பக்கம் நிரம்பியதும் வண்டியைக் கொஞ்சம் முன்னால் நகர்த்த வேண்டும். நகர்த்தினேன். அப்போதுதான் கண்ணாடியில் கேமரா தெரிந்தது. அது மட்டும் தெரிந்தது. பின்னால் ஒடீல் இல்லை.

சிறுநீர் கழிக்கப் போயிருப்பாள் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் அவள் கார் அங்கேயே நின்றது, ஆல்வின் வீட்டுக் கதவு சாத்தியிருந்தது. கண்ணை ஓட்டிக்கொண்டே வந்தேன். குதிரின் ஏணிக்குக் கீழே அவளுடைய ஒலிப்பதிவுப் பை திறந்து கிடந்தது. மேலே பார்த்தேன். கூரையின் மூடி திறந்திருந்தது. காற்றுக்காக ஆல்வின் அதை எப்போதும் திறந்துதான் வைப்பான், அதில் புதுசாக ஒன்றுமில்லை. ஆனால் முந்தின நாள் காபி குடிக்கும்போது, தானியம் உள்ளே இறங்கும் சத்தம் எப்படி இருக்கும் என்று அவள் என்னிடம் கேட்டிருந்தாள். மழை மாதிரி இருக்கும் என்று நானும் சொல்லியிருந்தேன்.

அடியில் குழாய் இழுக்கும்போது மேலே நிற்கிற ஆளையும் கடுகு சேர்த்து உள்ளே இழுத்துக்கொள்ளும்.

லாரியிலிருந்து குதித்து, டிராக்டரை நோக்கி, நிறுத்து என்று கையைக் கழுத்துக்குக் குறுக்கே வீசிக்கொண்டே ஓடினேன். ஆல்வின் என்னைப் பார்த்து, என்ன கேலி இது என்பதுபோல் சிரித்தான். பிறகு என் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். இயந்திரத்தை நிறுத்திவிட்டு இறங்கி ஓடிவந்தான்.

"ஒடீல் எங்க?"

"அங்கதானே நின்னா..." கேமராவைப் பார்த்தான். அப்புறம் ஏணியடியில் கிடந்த பையைப் பார்த்தான். அவன் வாய் திறந்தபடியே நின்றது.

நான் குதிரின் சுவரை உள்ளங்கையால் அறைந்து அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். பதில் இல்லை. எனக்கு உயரம் என்றால் உயிர் போகும். அன்று எப்படி ஏறினேன் என்று தெரியாது. மூடிக்குள் தலையை விட்டேன். கண் பழகச் சற்று நேரம் ஆனது. நடுவில் கடுகு புனல்போலக் குழிந்திருந்தது. குழியின் அடியில் ஒரு முகமும் ஒரு கையும். அவ்வளவுதான் ஒடீல். முகம் மேலே பார்த்திருந்தது. கண்கள் திறந்திருந்தன.

"வெர்னா." குரலே இல்லை, வெறும் உதடு. "மூச்ச விட்டா இறுக்குது. திரும்ப இழுக்க முடியல."

"பேசாதே கண்ணு. குட்டிக் குட்டியா விடு. முழுசா விட்டுடாதே."

கோதுமை கொஞ்சம் பிடிமானம் கொடுக்கும். கடுகு தண்ணீர் மாதிரி. நெஞ்சு சுருங்கும் ஒவ்வொரு முறையும் அந்த இடத்தில் வந்து நிரம்பிக்கொள்ளும். நான் மேலேயிருந்து பேசிக்கொண்டிருக்கும்போதே விளிம்பிலிருந்து ஒரு சரிவு உஸ்ஸென்று இறங்கி அவள் தாடையைத் தொட்டது.

நான் கூப்பிட்ட சத்தம் கேட்டுக் கீழே ஆர்டித் வந்துவிட்டாள். அவசர எண்ணுக்குப் பேசினாள். கார்வெலிலிருந்து வண்டி வர முக்கால் மணி நேரமாவது ஆகுமாம், சரளைச் சாலை. எங்கள் வண்டி எங்கள் ஊரிலேயே இருந்திருந்தால் என்று அப்போது யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆல்வின் கயிறு எடுத்து வந்தான். அவள் கையில் கட்டி, டிராக்டரில் மாட்டி, மெதுவாக இழுத்துவிடலாம் என்றான்.

தோர்வால்ட் ஊன்றுகோலோடு களத்துக்குள் வந்தார். இடுப்பு அறுவை சிகிச்சைக்குப் பிறகு அவரால் ஒரு படிகூட ஏற முடியாது.

"கயித்தைக் கீழ போடு, ஆல்வின். இழுத்தா பாதி ஆள்தான் வரும்."

"அப்ப குழாயை மறுபடி ஓட்டிக் காலி பண்ணிடலாமா?"

"ஓட்டினா அவளும் சேர்ந்து கீழ போயிடுவா. யாரும் அதைத் தொடாதீங்க." பிறகு ஏணியின் மேலிருந்த என்னைப் பார்த்தார். "அவளைச் சுத்திப் பலகையை இறக்கிக் கிணறு மாதிரி அடைக்கணும். அப்புறம் உள்ள இருக்கறதை அள்ளணும். அதுக்கு ஒருத்தர் உள்ள இறங்கணும்."

ஆல்வின் தன் வயிற்றைப் பார்த்துக்கொண்டான். அந்த மூடி வழியாக அவன் நுழைய முடியாது. ஆர்டித்துக்கு மூச்சிரைப்பு. வேறு யார் இருக்கிறார்கள்? யாரும் என்னைப் போகச் சொல்லவில்லை. அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது. எல்லாரும் வேறு பக்கம் பார்த்தார்கள்.

"சரி, எதாவது பலகை கொண்டாங்க," என்றேன்.

பலகைக்கு அலைய வேண்டியிருக்கவில்லை. சாலைக்கு அந்தப்புறம் பள்ளிக்கூடம். அதன் குறுகலான ஜன்னல்களை அடைத்துப் பலகை அடித்தவனே ஆல்வின்தான். கடப்பாரையோடு போய் ஒவ்வொன்றாகப் பிய்த்தான். ஆணிகள் கத்திக்கொண்டு வெளியே வரும் சத்தம் ஏணியின் உச்சிவரை கேட்டது.

என் இடுப்பில் கயிற்றைக் கட்டி, மறுமுனையை ஏணியில் சுற்றிக்கொண்டு ஆல்வின் மேலே நின்றான். நான் இறங்கினேன். ஒரு பலகையைக் கடுகின்மேல் போட்டு அதன்மேல் குப்புறப் படுத்தேன். காலை ஊன்றினால் நானும் போய்விடுவேன், அதோடு என் கனத்தில் சரியும் கடுகு அவளை மூடிவிடும். உள்ளே தூசி, எண்ணெய் வாசனை, காரம். கண்ணிலிருந்து நீர் வழிந்துகொண்டே இருந்தது. நெளிந்து நெளிந்து அவள் பக்கத்தில் போனேன். பக்கத்தில் பார்த்தபோது அவள் உதடு நீலமாக இருந்தது.

"நான் செத்துடுவேனா?" என்றாள்.

பொய் சொல்ல வாய் வரவில்லை. "தெரியல. நான் இங்கேருந்து போகமாட்டேன்," என்றேன்.

முதல் பலகையை அவள் முதுகுப்பக்கம் செங்குத்தாக நிறுத்தி, ஆட்டி ஆட்டி அழுத்தினேன். இறங்கியது. இரண்டாவதும் இறங்கியது. மூன்றாவதை மேலேயிருந்து ஆல்வின் இறக்கும்போது அது சுவரில் இடித்தது. சுவரோடு ஒட்டி நின்ற கடுகு முழுவதும் ஒரேயடியாகக் கழன்று வந்தது. பெரிய சத்தமெல்லாம் இல்லை, யாரோ நீளமாகப் பெருமூச்சு விட்டதுபோல. நான் திரும்பிப் பார்த்தபோது ஒடீலின் முகம் இருந்த இடத்தில் முகம் இல்லை. விரல்கள் மட்டும் வெளியே அசைந்தன.

அந்தச் சில நொடிகளைப் பற்றி என்னால் இப்போதும் ஒழுங்காகச் சொல்ல முடியாது. நாய் தோண்டுவதுபோல் இரண்டு கையாலும் தோண்டினேன். அள்ளினதைவிட வந்து விழுந்தது அதிகம். கத்தினேனாம், ஆல்வின் பிற்பாடு சொன்னான். நெற்றி தட்டுப்பட்டது, பிறகு மூக்கு. என் தொப்பியைக் கழற்றி அவள் முகத்தின்மேல் கூடாரம்போல் கவிழ்த்து, அதற்கடியில் விரலை விட்டு வாயிலிருந்த கடுகை வழித்து எடுத்தேன். அவள் என் விரலைக் கடித்தாள். அவள் உயிரோடு இருப்பது அந்தக் கடியில்தான் தெரிந்தது. அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது எனக்கு.

மூன்றாவது பலகையும் நான்காவதும் இறங்கிய பிறகு சரிவு அவளை எட்டவில்லை. ஆல்வின் ஐஸ்கிரீம் வாளி ஒன்றைக் கயிற்றில் இறக்கினான். அள்ளி அள்ளி வெளியே கொட்டினேன். தோள் தெரிந்தது. ரொம்ப நேரம் கழித்து நெஞ்சின் மேற்பகுதி தெரிந்தது. அவள் முதல்முறையாக ஒரு முழு மூச்சு இழுத்தாள். அந்தச் சத்தத்தைக் கேட்டதும் மேலே நின்ற ஆல்வின் ஏணியில் நெற்றியை முட்டிக்கொண்டு நின்றுவிட்டான்.

கார்வெல்காரர்கள் வந்து, குதிரின் சுவரில் சுற்றிலும் துளை வெட்டி, கடுகை எல்லாப் பக்கமும் ஒரேபோல் வடியவிட்டு அவளை எடுத்தபோது பிற்பகலாகியிருந்தது. களமெங்கும் கடுகு கணுக்கால் உயரத்துக்குக் கிடந்தது. இரண்டு விலா எலும்பு முறிவு, கால்களில் பல வாரம் மரமரப்பு. பிழைத்துக்கொண்டாள்.

பிப்ரவரியில் திரும்பி வந்தாள், கையில் ஒரு மடிக்கணினியோடு. அன்று களத்தோரம் நின்ற கேமராவை யாரும் நிறுத்தவில்லை. எல்லாம் அதில் பதிவாகியிருந்தது. தன்னால் அதைப் பார்க்க முடியவில்லை என்றும், படத்தில் வைப்பதா வேண்டாமா என்பதை ஆல்வினே சொல்லட்டும் என்றும் சொன்னாள். ஆல்வின் வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்தோம். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். நானும் ஆல்வினும் பார்த்தோம்.

தெளிவான வானம், குதிர், லாரி. ஒடீல் காட்சிக்குள் நடந்துவந்து ஏணியில் ஏறுகிறாள், மூடிக்குள் மறைகிறாள். டிராக்டரின் மறுபுறம் நின்ற ஆல்வின் குனிந்து எதையோ சரிபார்த்துக்கொண்டிருக்கிறான். கடுகு கொட்டிக்கொண்டே இருக்கிறது. பிறகு நான் குதித்து ஓடுகிறேன். ஆல்வின் டிராக்டரை நிறுத்திவிட்டுக் குதிர்ப் பக்கம் வருகிறான். கொஞ்ச தூரம்தான். அதைக் கடக்க அவனுக்கு எவ்வளவு நேரம் ஆனது! ஒரு முழங்காலை இழுத்து இழுத்து, கை காற்றைத் துழாவ, ஒரு கிழவன் வந்துகொண்டே இருக்கிறான்.

"நான் ஓடினேனே," என்றான் ஆல்வின். "உயிரைக் கையில பிடிச்சுக்கிட்டு ஓடினேன் வெர்னா."

"ஆமா, ஓடினே."

"இது நடையில்ல?"

இன்னொரு முறை போடச் சொல்லிப் பார்த்தான். அப்புறம் மடிக்கணினியை மெதுவாக மூடினான்.

"வெச்சுக்கோ," என்றான் ஒடீலிடம். "ஒண்ணும் நடக்காதுன்னு சொன்னியே. நடந்ததைப் பாக்கட்டும்."

அவள் வைத்தாள். அடுத்த கோடையில் ஆட்டக்கூடத்துச் சுவரில் திரை கட்டிப் போட்டுக் காட்டினாள். அந்த இடம் வந்ததும் ஆர்டித் என் கையைப் பிடித்துக்கொண்டாள், முடியும்வரை விடவில்லை. ஆல்வின் அப்போது ஊரில் இல்லை. விதைப்புக்கு முன்பே நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டுச் சஸ்கட்டூன் நகரத்தில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போய்விட்டான். முழங்கால் வலி என்று எல்லாரிடமும் சொன்னான். டிராக்டர் சாவியில் கை வைத்தாலே உடம்பு நடுங்குகிறது என்று என்னிடம் மட்டும் சொன்னான்.

குத்தகைக்காரர் இளைஞர், பெரிய பண்ணை, ஊரில் குடியில்லை. குதிர்களைத் திறந்து ஏற்றும் வேலையை என்னிடமே விட்டிருக்கிறார். பெரும்பாலும் அந்தக் களத்தில் நான் தனியாகத்தான் இருப்பேன். டிராக்டரை முடுக்குவதற்கு முன்னால் சுத்தியலால் குதிரின் சுவரில் ஓங்கி அடிப்பேன். யாராவது உள்ளே இருக்கீங்களா என்று கேட்பேன். யார் இருக்கப் போகிறார்கள்? சுற்றிப் பல மைலுக்கு ஆளே கிடையாது. ஆனாலும் இரும்பில் காதை வைத்து நிற்பேன். சத்தம் இல்லை என்றால் நல்லது என்று தெரியும். அன்றைக்கும் சத்தம் இல்லைதான். அதனால் ஏணியில் ஏறி, மூடிக்குள் தலையை விட்டு, கண் பழகும்வரை காத்திருப்பேன்.